மேடை வேண்டாம், பெஞ்சுகளை ஒதுக்கினால் போதும்

பழைய நாடகங்களை உரைநடைப் பாடம்போல வாசித்துப் பொருள் சொல்லிக் கடந்துவிடாமல், மாணவர்களே எழுந்து நின்று பேசியும் நடந்தும் கற்க வேண்டும் என்று, ஷேக்ஸ்பியரை முன்வைத்துச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களில் பலரும் பொதுவாகக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

எங்கள் வகுப்பில் 52 மாணவர்கள். பாடவேளை 40 நிமிடம். நாலு பேரை நடிக்கவிட்டால் மீதி 48 பேர் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடுவதே பெரும்பாடாக இருக்கும்போது, பாடத்தையே நடிப்பால் நடத்துவது எப்படி?
— மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை, திண்டுக்கல்

நீங்கள் அஞ்சுவதெல்லாம் ஆண்டு விழா நாடகத்துக்கு உரிய தொல்லைகள். அங்கே நன்றாகப் பேசும் நாலைந்து பேரைப் பொறுக்கியெடுத்து, ஒட்டுத்தாடியும் அட்டைக் கிரீடமும் மாட்டி, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து மேடையேற்றுகிறோம். மற்றவர்களுக்குக் கைதட்டும் வேலை. வகுப்பறை நடிப்பில் பார்வையாளர் என்று ஒருவரும் கிடையாது. 52 பேரும் 26 இணைகளாகப் பிரிந்து ஒரே நேரத்தில் பேசுவார்கள். சத்தம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

'மேக்பத்' நாடகத்தின் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்து உறங்கும் மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பத் இறங்கி வருகிறான். கீழே அவன் மனைவி காத்திருக்கிறாள். காரியம் முடிந்தது என்று அவன் சொன்ன கையோடு இருவரும் பேசிக்கொள்வது இவ்வளவுதான்: "நீங்கள் பேசவில்லையா?" "எப்போது?" "இப்போது." "நான் இறங்கி வரும்போதா?" "ஆமாம்." உட்கார்ந்த இடத்தில் வாசித்தால் இது ஒன்றுமே இல்லாத பேச்சு, 'இருவரும் பதற்றமாக இருக்கிறார்கள்' என்று ஆசிரியர் சொல்ல, மாணவர் குறித்துக்கொள்வார். இதையே ஒவ்வொரு இணையும் மூன்று முறை பேசட்டும். முதலில் வழக்கமான குரலில். அடுத்து, பக்கத்து அறையில் மன்னனின் மகன் டொனால்பெய்ன் படுத்திருக்கிறான் என்பதை நினைவில் வைத்துக் கிசுகிசுப்பாக. கடைசியாக, முகம் பார்க்க முடியாதபடி முதுகோடு முதுகு சேர்த்து நின்று. மூன்றாவது முறை முடியும்போது, இந்த உரையாடல் ஏன் ஒற்றைச் சொற்களாக உடைந்து கிடக்கிறது என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொலைக்குப் பயன்பட்ட கத்திகளை, மயக்க மருந்து கலந்த மது குடித்து உறங்கும் காவலர்களின் பக்கத்திலேயே போட்டுவிட்டு வர வேண்டும் என்பது திட்டம். மேக்பத் அவற்றைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறான். ஆனால் "இந்தக் கத்திகளை ஏன் அங்கிருந்து எடுத்து வந்தீர்கள்?" என்று லேடி மேக்பத் கேட்பது, அவன் வந்து 30 வரிகளுக்கும் மேல் பேசிய பிறகுதான். அதுவரை அவள் அவற்றைப் பார்க்கவில்லையா? பார்த்தும் பேசாமல் இருந்தாளா? அவன் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தானா, அல்லது கையில் இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டதா? ஷேக்ஸ்பியர் எந்தக் குறிப்பும் எழுதிவைக்கவில்லை. மேக்பத்தாக நிற்கும் மாணவர் கையில் இரண்டு ஸ்கேல்களைக் கொடுத்துவிட்டால், எதையாவது முடிவு செய்யாமல் அவர் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. பத்து நிமிடம் கழித்து மூன்று இணைகளை மட்டும் அழைத்து, அவள் கத்திகளைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும். ஒவ்வொருவரும் தம் முடிவுக்கு நாடகத்திலிருந்தே ஒரு வரியைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சான்று காட்ட முடியாத நடிப்பு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதை ஏற்காதீர்கள். இங்கே நாம் வளர்க்க விரும்புவது வாசிக்கும் திறனை. நடிகர்களை உருவாக்குவது வேறு வேலை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். 'செயல்வழி' என்ற பெயரில் எத்தனையோ வந்து போய்விட்டன. இதுவும் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமோகம்தானே?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

மேல்நாட்டிலிருந்து வந்தது உண்மை. புதியது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஷேக்ஸ்பியர் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தின் இலக்கணப் பள்ளிகளில் டெரன்ஸ், பிளாட்டஸ் ஆகிய உரோமானிய நாடகாசிரியர்களின் நாடகங்களை மாணவர்கள் லத்தீனில் நடித்தார்கள். நல்ல உச்சரிப்பும் அவையில் அஞ்சாமல் பேசும் பழக்கமும் நடிப்பால் வரும் என்பது அக்காலத்து ஆசிரியர்களின் துணிபு. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கு முதலாம் எலிசபெத் அரசி 1560இல் அளித்த விதிகள், ஆண்டுதோறும் லத்தீன் நாடகம் நடத்த வேண்டும் என்றே கட்டளையிட்டன.

ஷேக்ஸ்பியர் நாடகங்கள் தேர்வுக்குரிய பாடநூல்களாகி, அருஞ்சொற்பொருளும் அடிக்குறிப்பும் சேர்ந்த பிறகே மாணவர்கள் பெஞ்சில் உட்கார்த்தப்பட்டார்கள். அதற்கு எதிராகக் கேம்பிரிட்ஜ் நகரின் பெர்ஸ் பள்ளியில் ஹென்றி கால்டுவெல் குக் என்ற ஆங்கில ஆசிரியர் நாடகத்தை நடித்தே கற்பித்து, அந்த அனுபவத்தை 1917இல் நூலாக வெளியிட்டார். வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் 1984 முதல் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த வழியில் பயிற்சி தருகிறது. 1986இல் கேம்பிரிட்ஜில் ரெக்ஸ் கிப்சன் தொடங்கிய 'ஷேக்ஸ்பியரும் பள்ளிகளும்' திட்டம், நாடக நூலை நடிகருக்கான கைப்பிரதியாகக் கருத வேண்டும் என்ற எண்ணத்தைப் பிரிட்டனின் சாதாரணப் பள்ளிகள்வரை கொண்டுசென்றது. ஆகவே, 34 ஆண்டுகளில் தாங்கள் கண்ட பல திட்டங்களைவிட இதற்கு வயது அதிகம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மகள் லண்டனில் ஜிசிஎஸ்இ (பதினாறு வயதையொட்டி எழுதும் பள்ளித் தேர்வு) படிக்கிறாள். 'மேக்பத்' முழு நாடகமும் பாடம். வகுப்பில் அடிக்கடி நடிக்கவைக்கிறார்கள். தேர்வோ எழுத்துத் தேர்வு. நேரம் வீணாகிறதோ என்று கவலையாக இருக்கிறது.
— ஒரு தாய், லண்டன்

உங்கள் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது. நடித்தால் மட்டும் கட்டுரை எழுத வராது. கட்டுரை தனிக் கலை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வகுப்பு கலகலப்பாக நடந்தது என்பதையே கற்றலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மறுபாதியையும் பாருங்கள். அந்தத் தேர்வில் நாடக நூலைத் தேர்வறைக்குள் எடுத்துச்செல்ல முடியாது; மேற்கோள்கள் நினைவில் இருக்க வேண்டும். அட்டையில் எழுதி மனப்பாடம் செய்த வரி எந்த இடத்தில், யாரிடம், என்ன நோக்கத்தோடு சொல்லப்பட்டது என்பது பதற்றத்தில் மறந்துபோகும். கையில் ஸ்கேலோடு நின்று ஒருத்தியின் கண்ணைப் பார்த்துச் சொன்ன வரிக்கு அந்தத் தொல்லை குறைவு. நடித்து முடித்ததும், அதே பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில், "லேடி மேக்பத் கத்திகளை எப்போது கவனிக்கிறாள்? இரண்டு வரிகளை மேற்கோள் காட்டி விளக்குக" என்பதுபோல ஒரு கேள்விக்கு எழுதவைக்கிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். எழுதவைக்கிறார்கள் என்றால் கவலையை விட்டுவிடலாம். இல்லையென்றால், அந்தப் பத்து நிமிடத்தை வீட்டில் நீங்கள் ஏற்பாடு செய்துகொடுங்கள்.

பிளஸ் டூ ஆங்கிலப் பாடநூலில் 'உலகமே ஒரு நாடக மேடை' என்ற ஷேக்ஸ்பியர் கவிதை உள்ளது. ஏழு பருவங்களையும் ஏழு குழுக்களாக நடிக்கவைத்தேன். நன்றாகவே வந்தது. இதற்கு மேல் இதில் செய்ய என்ன இருக்கிறது?
— முதுகலை ஆசிரியர், விழுப்புரம்

இதற்கு மேல்தான் நாடகமே இருக்கிறது. பாடநூலில் அது தனிக் கவிதையாக நிற்பதால், அது ஒரு பாத்திரம் பேசும் வசனம் என்பதே மாணவர்களுக்குத் தெரியாமல் போகிறது. 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் இரண்டாம் அங்கம், ஏழாம் காட்சி அது. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட டியூக் தம் ஆட்களோடு ஆர்டன் காட்டில் சாப்பிட உட்காருகிறார். பசியில் வெறிபிடித்தவனாக ஆர்லாண்டோ உருவிய வாளோடு பாய்ந்து வந்து, யாரும் உணவைத் தொடக் கூடாது என்று மிரட்டுகிறான். டியூக் கனிவாகப் பேசவே வாளைத் தாழ்த்தி, தனக்காக இவ்வளவு தூரம் நடந்து வந்த ஆடம் என்ற கிழவர் பசியால் துவண்டு கிடக்கிறார், அவர் சாப்பிடாமல் நான் ஒரு பருக்கையும் தொட மாட்டேன் என்று சொல்லி, அவரை அழைத்துவரப் போகிறான். அவன் போய்த் திரும்பும்வரை மேடையில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில், எதிலும் குறை காணும் ஜாக்குவெஸ் பேசுவதுதான் உங்கள் பாடநூலில் உள்ள 'கவிதை'.

கிழப்பருவத்தைப் பற்றி அவன் என்ன சொல்லி முடிக்கிறான்? இரண்டாம் குழந்தைப் பருவம், வெறும் மறதி, பல் இல்லை, கண் இல்லை, சுவை இல்லை, எதுவுமே இல்லை. அந்தச் சொல் அடங்கும் நொடியில் ஆர்லாண்டோ ஆடமோடு உள்ளே வருகிறான். ஏறத்தாழ எண்பது வயதுக் கிழவர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 500 பொற்காசுகளைத் தம் இளம் எசமானிடம் கொடுத்துவிட்டு அவனோடு காட்டுக்கு நடந்து வந்தவர். டியூக் அவரை மரியாதைக்குரிய சுமை என்று குறிப்பிட்டு, இறக்கிவைத்து உண்ணவிடச் சொல்கிறார். 'எதுவுமே இல்லை' என்று சொல்லப்பட்ட வயதில் ஒருவர் அன்பும் நன்றியும் குன்றாமல் கண்முன்னே வந்து நிற்கும்போது, ஜாக்குவெஸின் முகம் எப்படி இருக்கும்? அவன் வெட்கப்படுவானா, தோளைக் குலுக்குவானா, தன் பேச்சை யாரும் கேட்கவில்லையே என்று நொந்துகொள்வானா? இதையும் ஷேக்ஸ்பியர் எழுதிவைக்கவில்லை.

ஆகவே உங்கள் ஏழு குழுக்களும் நடித்து முடித்ததும் நிறுத்தாதீர்கள். ஒரு மாணவர் இன்னொருவரைத் தாங்கிப் பிடித்தபடி வகுப்பின் கதவு வழியாக உள்ளே வரட்டும். ஜாக்குவெஸாகப் பேசியவர் அங்கேயே நின்று அதைப் பார்க்கட்டும். பிறகு, 'கவிஞர் மனித வாழ்வை எவ்வாறு சித்திரிக்கிறார்?' என்ற நெடுவினாவுக்கு எழுதச் சொல்லிப் பாருங்கள். அது கவிஞரின் கருத்தா, ஜாக்குவெஸின் கருத்தா என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

எங்கள் பிள்ளைகள் தமிழ்வழியில் படிப்பவர்கள். இன்றைய ஆங்கிலமே அவர்களுக்குத் தடுமாற்றம். 400 ஆண்டுப் பழைய ஆங்கிலத்தைப் பேசி நடிக்கச் சொல்வது கொடுமை இல்லையா?
— பட்டதாரி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

ஒரு காட்சி முழுவதையும் கொடுத்தால் கொடுமைதான். எட்டு வரி கொடுங்கள். முதலில் சூழ்நிலையை மட்டும் தமிழில் சொல்லி, அவர்கள் பேச்சுவழக்கிலேயே நடிக்கவிடுங்கள். தருமபுரித் தமிழில் லேடி மேக்பத் தன் கணவனை 'நீயெல்லாம் ஒரு ஆம்பளையா' என்று குத்திக்காட்டுவது மூலத்தின் கருத்துக்கு மிக நெருக்கமாகவே இருக்கும். அதன் பிறகு அதே இடத்தின் ஆங்கில வரிகளைக் கையில் கொடுத்தால், தாம் ஏற்கெனவே சொன்னதை இந்த வரி எப்படிச் சொல்கிறது என்று தேடுவார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிப்போட்டுவிட்டுப் பிறகு நடிக்கவைக்கும் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரைத் தழுவி எழுதிய 'அமலாதித்யன்', 'வாணீபுர வணிகன்' போன்றவை கிடைத்தால், ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்; ஹாம்லெட்டும் ஷைலாக்கும் தமிழ் பேசி நெடுங்காலம் ஆயிற்று என்பது பிள்ளைகளுக்குத் தெம்பு தரும்.

இன்னொரு செய்தியும் உதவும். ஷேக்ஸ்பியரின் சொந்த நடிகர்களுக்கே முழு நாடகமும் கொடுக்கப்படவில்லை. கையால் படியெடுக்க வேண்டிய காலம். அதனால் ஒவ்வொரு நடிகருக்கும் தன் வசனமும், தனக்கு முன் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களும் ('க்யூ') மட்டும் எழுதப்பட்ட சுருள் தரப்பட்டது. எட்வர்ட் ஆலின் என்ற பெரிய நடிகர் பயன்படுத்திய அத்தகைய சுருள் ஒன்று லண்டன் டல்லிச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. நீங்களும் அப்படியே துண்டுச் சீட்டுகள் தயார் செய்யுங்கள்: மாணவரின் ஒரே ஒரு வரி, அதற்கு மேலே க்யூ சொற்கள். முழுப் பக்கத்தைப் பார்த்து மிரளும் பிள்ளைக்கு ஒரு வரிச் சீட்டு பயம் தராது. தன் க்யூ எப்போது வரும் என்று தெரியாததால், மற்றவர் பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். ஆங்கிலம் காதில் விழுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

'வெனிஸ் வணிகன்' நடிக்கவைத்தால் ஷைலாக்காக நடிக்கும் மாணவனை மற்றவர்கள் பிறகும் கேலி செய்வார்களே? எங்கள் பள்ளியில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.
— ஆசிரியர், மதுரை மாவட்டம்

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அச்சம் முற்றிலும் நியாயமானது. 1943இல் நாஜி ஆட்சியின் கீழ் வியன்னாவில் யூத வெறுப்பைத் தூண்டுவதற்காகவே, வட்டிக்குப் பணம் தரும் யூதனான ஷைலாக் வரும் இந்த நாடகம் மேடையேற்றப்பட்டது. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வகுப்பறைக்குள் கொண்டுவரத் தக்க நாடகம் இது அன்று. ஆனால் நீங்கள் சொல்லும் பழக்கம் இருக்கும் பள்ளியில், இதை உட்கார்ந்தபடியே படித்துவிட்டுப் போவதும் பாதுகாப்பானதன்று. 'கெட்டவன் தோற்றான், நல்லவர்கள் வென்றார்கள்' என்ற சுருக்கம் மட்டும்தான் அப்போது மனதில் தங்கும்.

நான் சொல்வது சில கட்டுப்பாடுகள். ஷைலாக் என்று ஒரு மாணவரை நியமிக்காதீர்கள். நாடகத்தில் அவன் வருவது ஐந்தே காட்சிகளில். காட்சிக்கு ஒருவராக, சில இடங்களில் வரிக்கு ஒருவராகவே, அந்தப் பாத்திரம் கைமாறட்டும். நிறம், உருவம், குடும்பம் எதையும் வைத்து யாருக்கும் எந்த வேடமும் தரக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. வசைச் சொற்களை ஒரு மாணவரை நோக்கிப் பேசவைக்காதீர்கள். மாறாக, முதல் அங்கத்தில் வணிகன் அன்டோனியோ கடன் கேட்டு வரும்போது, "என்னை நாய் என்றீர்கள், என் அங்கியின் மேல் துப்பினீர்கள், இப்போது பணம் கேட்டு வந்திருக்கிறீர்கள்" என்று ஷைலாக் கணக்குச் சொல்கிறான் அல்லவா, அந்தப் பேச்சை வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே குரலில் ஓர் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசட்டும். வசையைத் தாங்கியவனின் இடத்தில் எல்லோரும் ஒரு முறை நிற்பார்கள்.

"எங்களைக் குத்தினால் இரத்தம் வராதா?" என்ற புகழ்பெற்ற வசனத்தைப் பலர் அந்த இடத்தோடு வெட்டிவிடுகிறார்கள். கூடாது. அந்தப் பேச்சு பழிவாங்கலில் போய் முடிகிறது. நீங்கள் கற்றுக்கொடுத்த கொடுமையைத்தான் நான் திருப்பிச் செய்யப்போகிறேன் என்கிறான் அவன். நல்லவன் என்றும் கெட்டவன் என்றும் எளிதில் சொல்லிவிட முடியாத அந்த இடம்வரை மாணவர்கள் போக வேண்டும். அதேபோல நான்காம் அங்கத்தின் வழக்கு மன்றத்தில் சொத்தை இழந்து, மதம் மாறவும் கட்டாயப்படுத்தப்பட்டு, உடல்நலம் சரியில்லை என்று சொல்லிவிட்டு அவன் வெளியேறுகிறான். பிறகு ஐந்தாம் அங்கம் முழுவதும் நிலாவும் இசையும் காதலர்களின் விளையாட்டுமாகப் போகிறது; அவன் திரும்பி வருவதே இல்லை. மேடையிலிருந்து கதவுவரை அவன் நடக்கும் அந்தப் பத்தடியை, மன்றத்தில் உள்ள மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதோடு சேர்த்து, ஒவ்வொரு குழுவும் வசனமில்லாமல் செய்து காட்டட்டும். வழிவிடுகிறார்களா, சிரிக்கிறார்களா, ஒருவராவது கண்ணைத் தாழ்த்துகிறாரா?

முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரைச் சொல்லி வேடத்தை விட்டு வெளியே வந்து, தம் இடத்தில் அமர்ந்த பிறகே மணியடிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்க முடியாத நாளில் இந்த நாடகத்தைத் தொடாதீர்கள்.

இருபாலர் பள்ளி. ரோமியோ ஜூலியட் என்றாலே பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.
— உதவித் தலைமையாசிரியை, ஈரோடு

ஷேக்ஸ்பியர் காலத்து ஜூலியட் ஒரு பையன். 1660 வரை இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளின் ஸ்திரீ பார்ட் மரபை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பில்லை. இருவரும் முதன்முதலில் பேசிக்கொள்ளும் 14 வரிகள் சேர்ந்து ஒரு முழு சானெட் (14 வரிக் கவிதை வடிவம்) ஆகின்றன. வகுப்பை இரண்டு பாதியாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்தி, ஒரு பாதி ரோமியோவாகவும் மறுபாதி ஜூலியட்டாகவும் கூட்டாகப் பேசவைத்தால், யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை, யார் வீட்டிலிருந்தும் கடிதம் வராது.

பேசவே கூச்சப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாமா?
— ஒரு தந்தை, சேலம்

கூடாது. கூட்டுக் குரலில் அவர் பேசட்டும். ஓசை எழுப்பும் வேலை, வசனத்தைச் சுருக்கும் வேலை, க்யூ சரியாக வந்ததா என்று பார்க்கும் வேலை என்று செய்ய நிறைய இருக்கிறது. இவையும் நாடக வேலைகள்தான்.

மூலத்தை வெட்டிச் சுருக்குவது பேரிலக்கியத்துக்குச் செய்யும் துரோகம் என்று எங்கள் பள்ளியில் ஒரு விவாதம். தங்கள் கருத்து என்ன?
— நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியர், மட்டக்களப்பு

மட்டக்களப்பிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தபோது, அண்ணாவிமாரிடம் (கூத்து பழக்கும் ஆசான்களிடம்) கற்றுக்கொண்டுதான் அதைச் செய்தார். சுருக்கியதால் கூத்து அழியவில்லை. படித்த தலைமுறை ஒன்று அதன் பக்கம் திரும்பியது.

ஷேக்ஸ்பியரின் மூலம் என்பதும் நாம் நினைப்பதுபோல ஒற்றை மூலமன்று. 'ஹாம்லெட்' 1603இல் ஒரு வடிவத்திலும், அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் அதைவிட மிக நீண்ட வடிவத்திலும் அச்சானது. அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின் 1623இல் அவருடைய தோழர்கள் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது மூன்றாவது வடிவம். முழு 'ஹாம்லெட்' ஏறத்தாழ 4,000 வரி. 'மேக்பத்' அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தொழில்முறை அரங்குகளே வெட்டித்தான் நடிக்கின்றன. என் யோசனை, வெட்டும் வேலையையே மாணவர்களிடம் கொடுங்கள் என்பதுதான். 60 வரிகளை 20 ஆக்கி வரச் சொன்னால், எந்த வரியை எடுத்தால் கதை அறும், எதை எடுத்தால் ஒரு மனிதரின் குணம் மாறிவிடும் என்று அவர்கள் போடும் சண்டை எந்த உரையாசிரியரும் எழுத முடியாத உரை. ஒரே விதி: சுருக்கலாம், புதிதாக எழுதிச் சேர்க்கக் கூடாது.

ஷேக்ஸ்பியரை விடுங்கள். 'மனோன்மணீயம்' படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம் என்கிறார்கள். அதை இப்படி நடத்த முடியுமா?
— தமிழாசிரியர், நாகர்கோவில்

முடியும், ஆனால் முழுவதையும் முடியாது. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட அந்த நாடகம் ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்டது. நீண்ட தத்துவ உரையாடல்களைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றுகொண்டு பேசினால் கால்தான் வலிக்கும். தினமும் காலையில் தாம் பாடும் 'நீராருங் கடலுடுத்த' இந்த நாடகத்தின் பாயிரத்தில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள். பலருக்கு அது செய்தியாக இருக்கும்.

நடிப்பதற்கு ஏற்றவன் அமைச்சன் குடிலன். மன்னன் சீவகனிடம் அவன் பேசுவது ஒன்று, தனியே நின்று தனக்குள் பேசுவது வேறு. மன்னனிடம் பேசும் வசனத்தை ஒருவர் சொல்ல, அவர் தோளுக்குப் பின்னால் நிற்கும் இன்னொருவர் ஒவ்வொரு வரிக்கும் பிறகு குடிலனின் உண்மையான எண்ணத்தைத் தம் சொந்தத் தமிழில் சொல்லட்டும். ஆசிரியப்பாவின் ஓட்டத்தை வாய்விட்டுச் சொல்லும்போது, பாத்திரத்தின் பேச்சு அந்த ஓசையோடு எங்கே இயைகிறது, எங்கே தடுக்குகிறது என்பதும் புலப்படும். இறுதிக் களத்தில், குடிலனின் மகன் பலதேவனுக்கு மாலையிட வேண்டிய மன்னன் மகள் மனோன்மணி, கனவில் மட்டும் கண்டிருந்த சேர மன்னன் புருடோத்தமனை நேரில் கண்டு அவனுக்கு மாலையிடுகிறாள். மாலையைக் கையில் வைத்திருக்கும் பெண், பலதேவன், மன்னன், சபை ஆகிய நால்வகைப் பார்வைகளையும் ஒரு சிலைக் காட்சியாக நிறுத்திப் பாருங்கள். 'படிக்கும் நாடகம்' என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்தது நாம்தான் என்று தோன்றும்.

இத்தனைக்கும் பதிலாக, ஒரு நல்ல திரைப்படத்தைக் காட்டிவிட்டால் போதாதா? இல்லையென்றால், இதுவரை ஒன்றும் செய்து பழகாத நான் எந்தக் காட்சியில் தொடங்குவது?
— ஆங்கில ஆசிரியை, காரைக்கால்

படத்தைப் பிறகு காட்டுங்கள். முதலில் காட்டினால் அந்த நடிகரின் முகமே எல்லோருக்கும் முடிவான விடையாகிவிடும். தாங்களே ஒரு முடிவெடுத்த பிறகு பார்த்தால், 'இவர் ஏன் இப்படிச் செய்தார்?' என்று கேட்பார்கள். பிரிட்டனின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2008இல் பள்ளிகளுக்காக வெளியிட்ட அறிக்கையின் மூன்று கோரிக்கைகள்: எழுந்து நின்று செய்யுங்கள், நேரடியாக மேடையில் பாருங்கள், இளம் வயதிலேயே தொடங்குங்கள். நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் குறைவு என்பதால் முதலாவதை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொடங்குவதற்கு 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியைப் பரிந்துரைக்கிறேன். சுமார் 40 வரிகள்தான், சொற்களும் எளியவை. சீசர் கொல்லப்பட்டு, அந்தோணியின் பேச்சால் ரோம் நகரம் பற்றி எரியும் வேளையில், சின்னா என்ற கவிஞர் தெருவில் அகப்பட்டுக்கொள்கிறார். கொலைச் சதியில் பங்கேற்ற இன்னொருவனின் பெயரும் சின்னா. கூட்டம் அவரைச் சூழ்ந்து பெயர் என்ன, எங்கே போகிறாய், எங்கே குடியிருக்கிறாய், மணமானவனா என்று சரமாரியாகக் கேட்கிறது. நான் அந்தச் சின்னா இல்லை, கவிஞன் சின்னா என்று அவர் கதறும்போது, அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழித்தெறியுங்கள் என்று ஒருவன் கத்துகிறான். மூலத்தில் கேள்வி கேட்பவர்கள் நான்கு குடிமக்கள். அந்த வரிகளை உங்கள் வகுப்பு முழுவதற்கும் பங்கிட்டுத் துண்டுச் சீட்டில் கொடுங்கள். கவிஞர் நடுவில். ஒவ்வொரு கேள்விக்கும் கூட்டம் ஓர் அடி முன்னே வர வேண்டும். யாரும் அவரைத் தொடக் கூடாது. கையெட்டும் தூரத்தில் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் முறை செய்யும்போது கவிஞராக நிற்க வேறொருவரை அழையுங்கள். முதல் முறை நின்றவர் கூட்டத்துக்குள் போகட்டும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து, எந்த வரியில் அது விசாரணையாக இல்லாமல் கொலையாக மாறியது, அந்த வரியைச் சொன்னவருக்கு அது தெரிந்திருந்ததா என்று அரைப் பக்கம் எழுதட்டும்.